பூட்டிய பேழையும் எழுதிய படியும்

ஒரு நூல் எங்கே வாழ்கின்றது என்று வினவினால், ஏட்டில் வாழ்கின்றது என விடையிறுப்பவர் பலர். ஓதுவோர் நாவில் வாழ்கின்றது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பாதி உண்மைகளே. ஏடு தீயிற் பொசுங்கும், கறையானுக்கு இரையாகும், திருடர் கைப்படும். நாவோ மறக்கும், மறந்ததை மறைக்க மாற்றியும் ஓதும். ஏட்டைப் பார்த்து ஏடெழுதி, எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைந்து, அடுத்தவர் கையிற் கொடுக்கும் வழக்கம் எங்கே இடையறாது நிகழ்கின்றதோ அங்கேதான் நூல் வாழ்கின்றது. இவ்வுண்மைக்கு எபிரேய மொழிச் சுவடிகளின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று வேறு உண்டெனத் தோன்றவில்லை. காத்தலிற் சிறந்தோரும் யூதரே. காத்தல் என்று கருதிப் பூட்டி வைத்து, பூட்டியதன் பயனைக் கண்ணீரோடு கண்டோரும் அவரே. இரண்டும் நமக்குப் பாடமாதல் வேண்டும்.

தமிழ் கற்பிப்பவனுக்கு எபிரேயத்தோடு என்ன தொடர்பு எனக் கேட்பவரும் இருக்கக்கூடும். தொடர்பு உண்டு. கிறித்தவர் பழைய ஏற்பாடு என வழங்கும் நூற்றொகுதியிற் சிறு பகுதி அரமேய மொழியிலும் ஏனைய யாவும் எபிரேயத்திலும் எழுந்தன. அத்தொகுதி தமிழிற் பெயர்க்கப்பட்ட வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்குத் தனியிடம் உண்டு. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர் அவர்கள். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சிவநெறியிற் சிறிதும் தளராத நாவலரே பிற சமயத்தார் நூலொன்றின் தமிழ்ச் செம்மைக்காக உழைத்தாராயின், அந்நூலின் மூலம் எவ்வாறு காக்கப்பட்டது என அறிய விழைவதில் நமக்கு நாணம் என்ன? சமயம் வேறு, சுவடி காக்கும் நெறி யாவர்க்கும் பொது.

மெய்யெழுத்தும் புள்ளியும்

எபிரேய நெடுங்கணக்கில் உள்ளவை 22 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுதப்படும் அவை யாவும் மெய்யெழுத்துகளே. அவற்றுட் சில, நெட்டுயிர் வருமிடத்தை ஒருவாறு குறிப்பாற் காட்டுமாயினும், உயிரொலிகளுக்கெனத் தனிவடிவம் பண்டைக் காலத்தில் இருந்ததில்லை. மொழியைப் பேசி வாழ்ந்த காலத்தில் இஃது ஒரு குறையாகத் தோன்றியிராது. பேச்சு வழக்கு அருகியபின்னரே இடர் தோன்றிற்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். தகரம், பகரம், ரகரம் ஆகிய மூன்று மெய்களை ஒத்த எழுத்துகள் அடுத்தடுத்து நின்றால், அதனைத் ‘தாவார்’ எனப் படித்தாற் சொல் என்று பொருள். ‘தெவெர்’ எனப் படித்தாற் கொள்ளைநோய். ‘திப்பேர்’ எனப் படித்தாற் பேசினான் என்பது பொருள். எழுத்து ஒன்றே, உயிர் மாறப் பொருள் மாறும்.

இதனால் விளைந்த பாடவேறுபாடு ஒன்றை நம் தமிழ் விவிலியத்திலேயே காணலாம். யாக்கோபு முதுமையிற் சாய்ந்து தொழுத செய்தி ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தின் இறுதியில் வருகின்றது. அங்கே அவன் கட்டிலின் தலைமாட்டிற் சாய்ந்தான் என்று உள்ளது. புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபமோ, அவன் தன் கோலின் முனையிற் சாய்ந்தான் என்கின்றது. முரண்பாடு போலத் தோன்றும் இதன் காரணம் எளிது. எபிரேயத்திற் கட்டிலைக் குறிக்கும் ‘மித்தா’ என்பதற்கும் கோலைக் குறிக்கும் ‘மத்தே’ என்பதற்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே. கிரேக்கத்திற் பெயர்த்த பண்டை அறிஞர் கோல் எனப் படித்தனர்; எபிரேய மரபினர் கட்டில் என ஓதினர். நிருபத்தை எழுதியவர் கிரேக்கப் பெயர்ப்பைப் பின்பற்றினார். ஒரு சொல்லின் உயிர் இரண்டாயிரம் ஆண்டுகளாக இரு வழியில் நடந்து, இறுதியிலே தமிழ் நூலொன்றின் இரு பக்கங்களில் வந்து நிற்கின்றது.

ஓலை கிழியும் என அஞ்சிப் புள்ளியிடாது எழுதிய நம் முன்னோர் சுவடிகளைப் படித்தவர்க்கு இவ்விடர் புதியதன்று. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒருவடிவாய் நிற்க, இடம் நோக்கிப் பொருள் கொண்ட தமிழ்ப் புலவர், எபிரேய அறிஞரின் தொல்லையை எளிதில் உணர்வர்.

அத்தொல்லையைத் தீர்த்தவர் மசோரேத்தர் எனப்படும் புலவர் மரபினர். மசோரா என்பது வழிவழியாகக் கையளிக்கப்பட்ட மரபைக் குறிக்கும். கி.பி. 7ஆம் நூற்றாண்டளவிலிருந்து 10ஆம் நூற்றாண்டுவரை கலிலேயாக் கடற்கரையில் உள்ள திபேரியா நகரிலும் பாபிலோனியாவிலும் இவர்கள் உழைத்தனர். எழுத்தின் மேலும் கீழும் உள்ளும் புள்ளியும் கோடும் இட்டு உயிரொலிகளையும் ஓதும் இசையையும் வரையறுத்தனர். வியத்தற்குரியது யாதெனின், மூல எழுத்தில் ஒன்றையேனும் இவர்கள் அகற்றவுமில்லை, நுழைக்கவுமில்லை. எழுத்து இருந்தவாறே இருக்க, அதனைச் சூழவே தம் புள்ளிகளை நிறுத்தினர்.

ஒரு சொல் பிழையாக எழுதப்பட்டுள்ளது எனத் தாம் உறுதியாகக் கருதிய இடத்தும், அதனைத் திருத்தி எழுத இவர்கள் துணியவில்லை. எழுதப்பட்டதை உள்ளே அவ்வாறே விட்டு, ஓதவேண்டிய பாடத்தை ஓரத்திற் குறித்தனர். முன்னதனைக் ‘கெதீவ்’ என்றும் பின்னதனைக் ‘கெரே’ என்றும் வழங்குவர். தம் மதிக்கு எட்டாததைப் பிழையென்று வெட்டித் தாம் விரும்பியதை மூலமாக்கும் பதிப்பாசிரியர் எக்காலத்தும் எந்நாட்டிலும் உளர். அவர் முன்னே மசோரேத்தரின் அடக்கம் ஒரு பெரும் பாடமாக நிற்கின்றது.

அன்றியும் அவர்கள் எண்ணினர். எபிரேயத்தில் ஏடெழுதுவோனைக் குறிக்கும் ‘சோஃபேர்’ என்னும் சொல்லும், எண்ணுதலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிற் பிறந்தவை. பண்டை எழுத்தர் நூலின் எழுத்துகளை எண்ணியதனாலேயே அப்பெயர் பெற்றனர் எனத் தல்மூது நூல் விளக்கும். மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவில் 5,845 வசனங்கள். 3,04,805 எழுத்துகள் என்பது மரபுக் கணக்கு. அரிய சொல்வடிவம் ஒன்று நூல் முழுவதிலும் எத்தனை முறை வரும் என்பதை ஓரத்திற் குறித்து வைத்தனர். அடுத்து எழுதுவோன் தன் எண்ணிக்கையை இதனோடு பொருத்திப் பார்த்தால் பிழை தானே வெளிப்படும். காவலன் ஒருவனை வாயிலில் நிறுத்துவதினும் வலிய காவல் இதுவென்க.

மண்ணுக்குள் இடும் மரியாதை

இத்துணைக் கவனமாகப் படியெடுத்த மக்களிடத்தே மிகப் பழைய ஏடுகள் ஏராளமாக இருந்திருக்கவேண்டும் அன்றோ? ஆயினும், 1947க்கு முன்னர் அறிஞர் கையில் இருந்த பெரும் விவிலியச் சுவடிகள் 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளுக்கு மேற்படாதனவே. காரணம் வறுமையுமன்று, கவலையின்மையுமன்று, மரியாதையே காரணம். இறைவன் திருப்பெயர் பொறித்த ஏடு நைந்து பயன்படாது போயின், அதனைக் குப்பையில் எறிதல் தகாது. ‘கெனிசா’ எனப்படும் மறைவிடத்தில் இட்டு, உரிய காலத்தில் இடுகாட்டில் மனிதரைப் போலவே அடக்கஞ் செய்தல் யூதர் வழக்கம். புதுப்படி பிழையற அமைந்தபின் பழைய ஏடு தன் கடனை முடித்தது எனக் கொண்டனர். நூலை நம்பினர், ஏட்டை மண்ணுக்கு ஈந்தனர்.

அடக்கஞ் செய்யாது விடப்பட்ட ஓர் அறை மட்டும் உலகுக்குப் பெருஞ்செல்வமாயிற்று. பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்திலே பென் எஸ்ரா ஆலயத்தின் அறையொன்றில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகப் பழந்தாள்களை இட்டுவந்தனர். எகிப்தின் உலர்ந்த காற்று அவற்றைக் காத்தது. 1896இல் அக்னஸ் லூயிஸ், மார்கரெற் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியர் கீழ்நாட்டிலிருந்து கொணர்ந்த ஏடொன்றைக் கேம்பிறிட்ஜில் சொலமன் ஷெக்டர் கண்டு வியந்தார். நெடுங்காலமாக மொழிபெயர்ப்பில் மட்டும் அறியப்பட்டிருந்த பென் சீரா நூலின் எபிரேய மூலம் அது. உடனே அவர் கெய்ரோவுக்குச் சென்றார். தூசியிற் புதைந்து உழைத்து அவர் கேம்பிறிட்ஜுக்குச் சேர்ப்பித்த துணுக்குகள் ஏறக்குறைய 1,93,000. அவற்றுள் வேதமும் உண்டு. சிறுவர் எழுத்துப் பயின்ற ஏடும் உண்டு. திருமண ஒப்பந்தமும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரின் கடிதங்களும் கணக்குகளும் அவற்றிடையே கிடைத்தன. மிளகும் ஏலமும் ஏற்றிய நம் தென்கடல் வாணிகத்தின் ஒரு பக்கம் இவ்வாறு கெய்ரோவின் பழந்தாட் குவியலிலிருந்து வெளிவந்தது. ஒருவர் வேண்டாவென ஒதுக்கியதே மற்றொருவர்க்கு வரலாறாயிற்று.

குகையின் சாட்சி

மசோரேத்தர் தந்த பாடம் உண்மையில் எத்துணைப் பழையது? எண்ணி எண்ணி எழுதினர் என்பது சரி. அவர்கள் எண்ணத் தொடங்குமுன்னரே நூல் சிதைந்திருந்தால்? இவ்வினாவுக்கு விடை கூற மனிதர் எவரும் இல்லாத நிலையிற் குகையொன்று வாய்திறந்தது. 1947இல் சாக்கடலின் வடமேற்குக் கரையருகே கும்ரான் என்னுமிடத்தில், ஆட்டிடையர் கண்ட குகையிலே மட்சாடிகளும் தோற்சுருள்களும் வெளிப்பட்டன. 1956க்குள் பதினொரு குகைகளிலிருந்து ஏறத்தாழ 900 சுவடிகளின் எச்சங்கள் கிடைத்தன. எஸ்தர் நூல் ஒன்றொழிய எபிரேய விவிலியத்தின் எல்லா நூல்களுக்கும் சிறு துணுக்கேனும் அவற்றிடையே உண்டு.

அவற்றுள் தலையாயது ஏசாயாவின் பெருஞ்சுருள். 17 தோல்களைத் தைத்து இணைத்த அச்சுருளின் நீளம் 7 மீற்றருக்கு மேற்படும். 54 பத்திகளில் 66 அதிகாரங்களும் அமைந்துள்ளன. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டதெனக் கொள்ளப்படும் அச்சுருளை, அதற்கு ஆயிரம் ஆண்டு பிற்பட்ட மசோரேத்தர் ஏட்டோடு வைத்து நோக்கியபோது அறிஞர் கண்டது என்ன? எழுத்துமுறை வேறுபாடுகள் மிகப் பல. விடுபட்ட சொற்களை வரிக்குமேல் எழுதிய இடங்களும் உள. ஆயினும் நூல் அதே நூல். ஆயிரம் ஆண்டுகள், எத்தனையோ கைகள், எத்தனையோ நாடுகள் கடந்தும் ஏசாயாவின் பாடம் சிதையவில்லை.

இங்கே மற்றொன்றையும் மறையாது சொல்லுதல் வேண்டும். எல்லா நூல்களிலும் இத்தகைய ஒற்றுமை காணப்படவில்லை. கும்ரானிற் கிடைத்த எரேமியா சுவடிகளுள் ஒன்று கிரேக்கப் பெயர்ப்போடு ஒத்துக் குறுகிய பாடத்தைக் காட்டுகின்றது. சாமுவேல் சுவடி ஒன்றிலே, அம்மோனிய அரசன் நாகாஸ் மக்களின் வலக்கண்களைப் பிடுங்கிய செய்தி கூறும் சில வரிகள் உள. அவை மசோரேத்தர் பாடத்தில் இல்லை. பாடவேறுபாடு கண்டு அஞ்சுவோர், நூலின் பெருமை குன்றும் என நினைக்கின்றனர். நம் கருத்து அதற்கு மாறானது. வேறுபாட்டை மறைக்கும் நூலினும், வேறுபாட்டைக் காட்டி நிற்கும் நூலே நம்பத்தக்கது.

குகைச் சுருளின் வரலாற்றில் நம் பொருளுக்கு ஏற்ற செய்தி ஒன்றுண்டு. ஏசாயாச் சுருள் முதலிற் சேர்ந்தது எருசலேமின் சிரிய மரபுக் கிறித்தவப் பேராயர் ஒருவரிடம். 1948இல் அது எருசலேமின் அமெரிக்கக் கீழைத்தேய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தபோது, ஜோன் திரேவர் என்னும் இளம் அறிஞர் அதனை முழுவதும் நிழற்படமெடுத்தார். நாடு போரில் மூழ்கிக் கொண்டிருந்த வேளை அது. சுருள் கடல் கடந்தது. 1954இல் நாளிதழ் விளம்பரத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. 2,50,000 டொலருக்கு வாங்கப்பட்டு மீண்டும் எருசலேம் சேர்ந்தது. அவ்விடைக் காலத்தில் அது கடலில் வீழ்ந்திருப்பினும் ஏசாயாவின் பாடம் அழிந்திராது. ஏனெனின் படங்கள் 1950இலேயே நூலாக அச்சேறிவிட்டன.

அலெப்போவின் பேழை

இனி, நெஞ்சை வருத்தும் மறுபக்கத்தைக் காண்போம். மசோரேத்தருட் சிறந்தவர் ஆரோன் பென் ஆஷேர். கி.பி. 930 அளவில் சலமோன் பென் புயாஆ எழுதிய விவிலிய ஏடொன்றுக்கு அவரே புள்ளியும் குறிப்பும் இட்டுச் செம்மை செய்தார். எருசலேமில் இருந்த அவ்வேடு பின்னர்க் கெய்ரோவை அடைந்தது. யூத ஞானியருட் பெரியவராகிய மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் தோராச் சுருள் எழுதும் விதிகளைத் தொகுத்தபோது, தாம் நம்பிய ஏடு அதுவே என்றார். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்றது. அதனை யூதர் ‘கேதெர்’, அஃதாவது மகுடம், என அழைத்தனர்.

அலெப்போவினர் அம்மகுடத்தைக் கண்ணினும் மேலாகப் போற்றினர். பேராலயத்தின் உள்ளே எலியாவின் குகை எனப்பட்ட இடத்தில் இரும்புப் பேழையில் வைத்து, இரு பூட்டுகளிட்டு, திறவுகோல்களை இரு பெரியோரிடம் ஒப்படைத்தனர். ஒருவரின்றி மற்றவர் திறத்தல் இயலாது. அதன்முன் விளக்கேற்றி வேண்டுதல் செய்தனர். அதனை விற்போரும் அவ்விடம் விட்டுப் பெயர்ப்போரும் சாபத்துக்கு உள்ளாவர் என நம்பினர். நிழற்படமெடுக்க வேண்டிவந்த அறிஞர் பெரும்பாலும் வெறுங்கையராய்த் திரும்பினர். ஜெர்மானிய அறிஞர் பவுல் காலே தம் பதிப்புக்கு இவ்வேட்டையே மூலமாகக் கொள்ள விரும்பினார், இசைவு கிடைக்கவில்லை.

1947 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை பலஸ்தீனத்தைப் பிரிக்கத் தீர்மானித்தது. சில நாளில் அலெப்போவிற் கலகம் மூண்டது. பேராலயம் தீக்கிரையாயிற்று. மகுடமும் எரிந்துபோயிற்று என உலகம் கருதியது. பின்னர் அதன் பகுதி மறைவாகக் காக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. 1958இல் அது எருசலேமை அடைந்தது. சலவைப் பொறியொன்றினுள் மறைத்து எல்லை கடத்தினர் என்பர். வந்து சேர்ந்தபோது எண்ணினர். ஏறத்தாழ 490 ஏடுகள் இருந்திருக்கவேண்டிய சுவடியில் 294 மட்டுமே எஞ்சியிருந்தன. தோரா ஏறக்குறைய முழுவதும் இல்லை. உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்திலிருந்தே ஏடு தொடங்குகின்றது. இறுதியில் பிரசங்கி, புலம்பல், எஸ்தர், தானியேல், எஸ்றா முதலியனவும் இல்லை. ஏட்டின் ஓரங்களிற் கண்ட கருமை தீயின் வடு அன்று, பூஞ்சணத்தின் வடு எனப் பிற்கால ஆய்வு காட்டிற்று. எனவே தீ மட்டுமே குற்றவாளி எனல் இயலாது. பின்னாளில் நாளாகமத்தின் ஏடொன்றும் யாத்திராகமத்தின் சிறு துணுக்கொன்றும் நியூயோர்க்கில் வாழ்ந்த அலெப்போக் குடும்பத்தாரிடமிருந்து வெளிவந்தன. அத்துணுக்கை உரியவர் பல்லாண்டு காப்புத் தாயத்தாகத் தம் பணப்பையில் வைத்திருந்தார்.

இழந்த பகுதியைப் பற்றி இன்று நாம் அறிவனவெல்லாம், பேழை திறந்திருந்த சில வேளைகளின் பயனே. வில்லியம் விக்கிஸ் என்பவர் 1887இல் வெளியிட்ட தம் நூலில் ஆதியாகமப் பக்கம் ஒன்றின் படத்தைச் சேர்த்தார். 1910இல் வெளிவந்த பயண நூலொன்றிற் பத்துக் கட்டளைகள் உள்ளிட்ட உபாகமப் பக்கங்கள் இரண்டின் படம் வந்தது. தோராவின் இழந்த ஏடுகளில் நிழற்படமாக எஞ்சியவை இம்மூன்று பக்கங்களே. 19ஆம் நூற்றாண்டில் எருசலேமின் எழுத்தர் ஷாலோம் ஷக்னா எல்லின், தம் மருகரை அலெப்போவுக்கு அனுப்பிப் பல நூறு ஐயங்களுக்கு மகுடத்திலிருந்து விடை குறித்துவரச் செய்தார். அக்குறிப்புகளுள்ள விவிலியப் படி நெடுங்காலத்தின்பின் எருசலேமில் ஒரு வீட்டிற் கண்டெடுக்கப்பட்டது. 1943இல் பேராசிரியர் கசூத்தோ சில நாள் ஏட்டைப் பார்க்க இசைவு பெற்றுக் குறிப்பெடுத்தார். பேழை இழந்ததிற் சிறு பங்கையேனும் மீட்டவை, எழுதுகோல் பிடித்த இக்கைகளே.

வெளியே சென்ற ஏடு

அலெப்போ ஏடு கிடைக்காது போகவே காலே வேறொன்றைத் தேடினார். கி.பி. 1008-1009இல் கெய்ரோவிலே சாமுவேல் பென் யாக்கோபு எழுதிய ஏடு ருஷ்யாவில் லெனின்கிராட் நூலகத்தில் இருந்தது. ஆரோன் பென் ஆஷேர் திருத்திய நூல்களைப் பார்த்து எழுதியது என அதன் முடிவுரையே கூறும். அஃதாவது, அதுவும் ஒரு படியே. அந்நூலகத்தார் அதனை ஈராண்டு காலம் லைப்சிக் நகருக்கு இரவலாக அனுப்பினர். 1937இல் நிறைவெய்திய எபிரேய விவிலியப் பதிப்பு அதனை மூலமாகக் கொண்டது. பின்வந்த ஆராய்ச்சிப் பதிப்புகளும் அதனையே தழுவின. 1990இல் அது புதிதாகப் படமெடுக்கப்பட்டு 1998இல் முழுவதும் நூலாக வந்தது. முழுமையாக எஞ்சியுள்ள எபிரேய விவிலியச் சுவடிகளுள் மிகப் பழையது இதுவே.

இரண்டையும் சீர்தூக்குக. ஒன்று ஆசிரியர் கையே பட்ட மகுடம். மற்றது அவர் மரபைப் பார்த்து எழுதிய படி. மகுடம் பூட்டப்பட்டது, படி பயணம் செய்தது. இன்று மாணாக்கன் எபிரேய விவிலியத்தை விரிக்கும்போது பெரும்பாலும் அவன் கண்முன் நிற்பது படியே.

இவ்வாறு கூறுவதால் அலெப்போவின் பெரியோரை இகழ்ந்தோம் என்று எவரும் கருதற்க. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஓர் ஏட்டைக் காத்தல் எளிதன்று. அரசுகள் மாறின, அவர்கள் மாறவில்லை. களவும் கொள்ளையும் கண்ட சிறுபான்மையோர், அயலார் கையை ஐயுற்றது இயல்பே. கலகத்தின்பின் சாம்பலிடையே ஏடுகளைத் திரட்டிக் காத்தவரும் அம்மக்களே. அவர் அன்பிற் குறைவில்லை. அன்பு, படியெடுத்தலைத் தடுத்ததே குறை. ஏட்டின் புனிதத்தைக் கண்டவர், அதில் உள்ள பாடத்தின் புனிதம் ஏட்டைக் கடந்தது என்பதை மறந்தனர். அவர்தம் முன்னோராகிய மசோரேத்தரோ அதனை ஒருபோதும் மறந்திலர்.

படி இருந்தால் மூல ஏடு வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். என்கெதியில் 1970இற் கிடைத்த கரிந்த சுருளொன்றைத் தொட்டாற் பொடியாகும் என விரிக்காதே வைத்திருந்தனர். 2016இல் வெளியான ஆய்வின்படி, கதிர்ப்படமும் கணினியும் கொண்டு, சுருளைத் திறவாமலே உள்ளெழுத்தைப் படித்தனர். லேவியராகமத்தின் தொடக்கப்பகுதி அதில் இருந்தது. அதன் மெய்யெழுத்துகள் மசோரேத்தர் பாடத்தோடு முற்றும் பொருந்தின. கரியென்று எறிந்திருந்தால் இச்சான்று நமக்கு ஏது? ஆதலின் ஏட்டையும் காத்தல் வேண்டும். படியையும் பெருக்குதல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் தவறு.

நமக்குரிய கடன்

விக்கிஸ் தம் நூலில் ஒரு பக்கப் படத்தைச் சேர்த்த அதே 1887ஆம் ஆண்டிலேதான் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை அச்சேற்றினார். பல இடத்து ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அவர் தந்த அப்பதிப்பால், எந்த ஓலை எங்கே அழியினும் கலித்தொகை அழியாது என்ற நிலை உண்டாயிற்று. ஆயின் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அச்சேறியவற்றை வேறிடத்திற் பெறலாம். வேறு படியில்லாதிருந்தவை போனவை போனவையே. அலெப்போவின் துயரம் நமக்குக் கதையன்று.

இன்னும் நம் வீடுகளிற் பரணிலும் பெட்டியிலும் ஏடுகள் உள. சோதிடம், வைத்தியம், தலபுராணம், ஊர்க்கூத்து, காணி உறுதி எனப் பல திறத்தன. நவராத்திரியிற் பட்டுச் சுற்றிப் பூவைத்து வணங்குகின்றோம். வணங்கியபின் மீண்டும் கட்டிவைக்கின்றோம். கேட்பவர்க்குக் காட்ட மறுப்பதையே குலப்பெருமை எனக் கருதுவாரும் உளர். ஏட்டை எவருக்கும் கொடுத்துவிடுக என நாம் கூறவில்லை. ஏடு உரியவரிடமே இருக்கட்டும். அதன் படி மூவிடத்தில் இருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். இக்காலத்தில் மாணாக்கர் கையிலுள்ள தொலைபேசியே நல்ல படமெடுக்கும் கருவியாக உள்ளது. ஆனால் படமெடுத்தல் பணியிற் பாதியே, படித்தல் மறுபாதி. ஓலையெழுத்தைப் படிக்கவல்லார் ஊர்தோறும் அருகிவருகின்றனர். ஒவ்வொரு பாடசாலையிலும் உயர்வகுப்பு மாணவர் நால்வருக்கேனும் ஓர் ஆசிரியர் ஏடுபடிக்கப் பழக்கினால், பத்தாண்டில் ஒரு தலைமுறை உருவாகும். படித்ததைப் பெயர்த்தெழுதி, பிழையெனத் தோன்றியதை மூலத்தில் திருத்தாது ஓரத்திற் குறித்து, வரியை எண்ணிக் கையொப்பமிட்டு வைக்கவேண்டும். திபேரியாவின் புலவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்தது இவ்வளவே.

வருகின்ற நவராத்திரியில் ஏட்டுக்கட்டை அவிழ்ப்போர், பூவைக்கும் முன் முதலேட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார்களாக. படிக்க இயலவில்லையாயின், படிக்கவல்லார் ஒருவரை அந்நாளே அழைப்பார்களாக.